பாக்கிக் கணக்கை விழுங்கிய 'டபிள்யூ'

விடியற்காலை 3:40. ஃபோனை எடுத்தால் அத்தை. "ஏலே, இட்லி ஜன்னல்ல செவப்பா என்னமோ எழுதிட்டு நிக்குது. இங்க ஆளுவ எல்லாம் வாளியோட நிக்காவ."

இட்லி ஜன்னல் என்று அவர் சொல்வது ஐடில். பைத்தானை நிறுவும்போது கூடவே வந்து உட்காருமே, அந்த ஜன்னல். மாவு விற்கிறவருக்கு அந்தப் பெயர் காதில் வேறு எப்படி விழும்?

"எதையாவது அமுக்கினீங்களா அத்தே?"

"இன்னும் இல்ல. எஃப்5 அமுக்கப் போறேன். நின்னுபோச்சுன்னா எஃப்5 அமுக்குங்கன்னு நீதானல சொன்ன."

நான் போட்ட கத்தலில் என் மனைவி எழுந்துவிட்டாள். எஃப்5ஐத் தொட வேண்டாம், ஜன்னலை மூட வேண்டாம், கம்ப்யூட்டர் பக்கமே போக வேண்டாம், வருகிறவர்களுக்கு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு மாவு கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். சயான் கோலிவாடாவிலிருந்து தாராவிக்கு அந்த நேரத்தில் பத்து நிமிஷம்.

அத்தை கடையில் மத்தியானம் அரைக்கிற மாவு ராத்திரி முழுக்கப் புளித்து, மூன்று மணிக்கெல்லாம் பொங்கி நிற்கும். இட்லி அவித்து மும்பை முழுக்கச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவர்கள் அந்த நேரத்தில்தான் வாங்க வருவார்கள். முக்கால்வாசி உதாரிதான், அதாவது கடன். காலையில் மாவு, சாயங்காலம் காசு. சில பேர் வாரத்துக்கு ஒருமுறை. மாமா இருந்தவரை சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டில் எழுதிவைத்தார். அவருக்குப் பிறகு கணக்கு அத்தை தலையில் விழுந்தது. லாமிங்டன் ரோட்டிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்து, விண்டோஸ் 10 போட்டு, பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தவன் நான். மொத்தம் 43 பேர். இதற்குப் போய் எதற்குத் தரவுத்தளம், ஒரு சிஎஸ்வி கோப்பு (வரிக்கு ஒரு ஆள், நடுவில் காற்புள்ளி வைத்துப் பிரித்த வெறும் உரைக் கோப்பு) போதும் என்று நினைத்தேன். அது தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கோப்பைத் திறந்த விதம்தான் தப்பு.

நிரல் இப்படி: பாக்கி.சிஎஸ்வி என்ற கோப்பைப் படிப்பதற்காகத் திறந்து, எல்லா வரியையும் ஒரு பட்டியலில் ஏற்றும். அத்தை ஒரு பெயரும் தொகையும் தட்டியதும் அந்த ஆளின் வரியில் பாக்கியை மாற்றும். பிறகு அதே கோப்பை 'டபிள்யூ' மோடில், அதாவது எழுதுவதற்காகத் திறந்து, பட்டியல் முழுவதையும் ஒரே நீளச் சரமாகக் கோத்து, ஒரே ரைட்டில் எழுதி மூடும். ஏழு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. (மோடுகளின் பெயரையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

கடைக்குப் போய்ப் பார்த்தால் ஐடிலில் சிவப்பு எழுத்தில் ஏழெட்டு வரி. கடைசி வரியில் யூனிகோட்-என்கோட்-எரர், கூடவே 'சார்மேப்' என்று ஒரு சொல். ஃபோல்டரைத் திறந்தேன். பாக்கி.சிஎஸ்வி இருந்த இடத்திலேயே இருந்தது. அளவு மட்டும் 0 கேபி.

பென்டிரைவில் ஒரு நகல் உண்டு, ஆனால் அது ஒன்பது நாள் பழசு. ஒன்பது நாள் உதாரியை 43 பேரிடமும் கேட்டு எழுதினால் என்ன கணக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

காப்பாற்றியது என் சோம்பேறித்தனம். நிரலை ஃபங்ஷன்களாகப் பிரித்து ஒழுங்காக எழுதாமல், மேலிருந்து கீழாக ஒரே நீட்டாக எழுதியிருந்தேன். அதனால் மாறிகள் (அந்தப் பட்டியல் மாதிரி நிரல் நினைவில் வைத்திருப்பவை) எல்லாம் பொதுவெளியில் கிடந்தன. ஐடிலில் ஒரு நிரல் பிழையோடு நின்றுபோனாலும் அதன் மாறிகள் அந்த ஜன்னலில் உயிரோடுதான் இருக்கும். எஃப்5 அமுக்கினால் ஷெல் புதிதாகத் தொடங்கும், அத்தனையும் போய்விடும். போவதோடு நிற்காமல், நிரல் அந்த 0 கேபி கோப்பைப் படித்துவிட்டு 'வாடிக்கையாளர் யாருமே இல்லை' என்று நம்பி வேலையை ஆரம்பித்திருக்கும். அத்தையின் விரல் எஃப்5க்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

சிவப்பு எழுத்துக்குக் கீழே, குறி காத்திருக்கும் இடத்தில், 'லென்' போட்டுப் பட்டியலின் நீளம் கேட்டேன். 44 என்றது. 43 பேரும், அன்று புதிதாகச் சேர்ந்த ஒருவரும். அதே இடத்தில் உட்கார்ந்து, மீட்பு.சிஎஸ்வி என்ற புதுக் கோப்பை 'எக்ஸ்' மோடில் (இருக்கிற கோப்பைத் தொடாத மோடு, பின்னால் சொல்கிறேன்), என்கோடிங் (எழுத்துகளை எந்த எண்களாக மாற்றிச் சேமிப்பது என்ற முறை) யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறந்து, பட்டியலை வரி வரியாக எழுதி மூடினேன். நோட்பேடில் திறந்து எண்ணிப் பார்த்தேன். 44 வரி. அதற்குப் பிறகுதான் அத்தை கொடுத்த டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

அன்று மத்தியானம், தூங்காமல், என் மடிக்கணினியில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்தேன். முதலில் ஒரு சோதனைக் கோப்பில் பத்து வரி எழுதி வைத்தேன். அப்புறம் அதை 'டபிள்யூ' மோடில் திறந்தேன், ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை, மூடினேன். அளவு பூஜ்யம்.

இதை ஆவணத்தில் நூறு தடவை படித்திருக்கிறேன். ஆனாலும் மனதுக்குள் நான் வைத்திருந்த படம் வேறு: ரைட் கட்டளை வரும்போது பழையது போய்ப் புதியது வரும் என்று. அப்படி இல்லை. சிலேட்டைக் கையில் எடுத்ததுமே எச்சில் தொட்டு அழித்துவிட்டு, அதற்கப்புறம்தான் குச்சி எங்கே என்று தேடுகிற பிள்ளை மாதிரி. திறக்கிற அந்தக் கணத்திலேயே இயங்குதளம் கோப்பைப் பூஜ்யத்துக்கு வெட்டிவிடுகிறது. யூனிக்ஸ் வழியில் இதற்கு 'ஓ-டிரங்க்' என்று ஒரு கொடி. 'டபிள்யூ' என்று நாம் தட்டுகிற ஒரு எழுத்துக்குள் 'இல்லையென்றால் உருவாக்கு, இருந்தால் வெட்டு, எழுதத் திற' என்று மூன்று உத்தரவு ஒளிந்திருக்கிறது. யூனிக்ஸின் ஆரம்ப காலத்தில் கோப்பை உருவாக்குவதற்கென்றே தனியாக ஒரு கணினி அழைப்பு இருந்தது. 'கிரியேட்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் கடைசி 'ஈ' இல்லாமல் பெயர் வைத்துவிட்டார்கள். யூனிக்ஸை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்றாராம் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன். அந்த அழைப்பும் இதையேதான் செய்யும்: கோப்பு இருந்தால் வெட்டிவிடும்.

சரி, வெட்டியது புரிந்தது. எழுத வேண்டியதை ஏன் எழுதவில்லை?

அதற்கும் காரணம் நான்தான். முந்தைய ஞாயிற்றுக்கிழமை பெருமையாக அத்தையின் கம்ப்யூட்டரில் தமிழ் 99 விசைப்பலகை போட்டுக் கொடுத்திருந்தேன். அதுவரை பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் அடித்துவந்தார்; அதில் அவருக்கே குழப்பம். அன்று புதிதாக வந்தவரை முதல்முறையாகத் தமிழில் அடித்தார்: 'நாக்கா தம்பி'. விண்டோஸில், என்கோடிங் எதுவும் சொல்லாமல் ஓப்பன் போட்டால், பைத்தான் அந்த இயந்திரத்தின் வட்டார வழக்கப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளும். அத்தையின் கம்ப்யூட்டரில் அது சிபி1252. ஒரு எழுத்துக்கு ஒரு பைட், ஆக மொத்தம் 256 இடம். ஐரோப்பிய எழுத்துகளுக்கே அது சரியாக இருக்கிறது. 'நா' போய் எங்கே உட்காரும்? நான் எல்லா வரியையும் ஒரே சரமாகக் கோத்திருந்ததால், அந்த ஒரு பெயருக்காக முழுச் சரமும் திரும்பிவந்துவிட்டது. கோப்பு வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான்.

என் மடிக்கணினியில் இது ஏன் ஒருநாளும் வரவில்லை? அது உபுண்டு, லினக்ஸ் வகை இயங்குதளம். அங்கே கேட்காமலே யூடிஎஃப்-8. 'என்கிட்ட ஓடுதே' என்று சொல்கிற எல்லாரும் நடுராத்திரி ஒருநாள் வண்டி ஓட்ட வேண்டிவரும். பைத்தான் 3.15 பதிப்பிலிருந்து விண்டோஸிலும் யூடிஎஃப்-8தான் இயல்பு என்று தீர்மானித்திருக்கிறார்கள். அத்தையின் கம்ப்யூட்டரில் இருப்பது 3.11. ஆகவே ஒவ்வொரு ஓப்பனிலும் என்கோடிங்கை வாயைத் திறந்து சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளையாடிப் பார்த்தேன். 'இட்லி' என்று ஒரே ஒரு சொல்லை யூடிஎஃப்-8இல் எழுதி மூடி, கோப்பின் அளவைப் பார்த்தால் 15 பைட். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து: இ, ட, புள்ளி, ல, இகரக் குறி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். கோப்பை 'ஆர்பி' மோடில், அதாவது பைட்டாகவே படிக்கும்படி திறந்து எண்களாக அச்சிட்டால் 'இ' என்பது 224, 174, 135. 'ட' 224, 174, 159. புள்ளி 224, 175, 141. எல்லாம் 224இல்தான் தொடங்கும். இதே பைட்டுகளை சிபி1252 கண்ணாடி போட்டுப் படித்தால், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், இரட்டைச் சிலுவை என்று தெரியும். தமிழ்க் கோப்பு ஒன்று எங்கேயாவது கோடு போட்ட ஏ-யும் வட்ட ஆர்-உமாக மாறி மாறிச் சிதறிக் கிடந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் சரக்கு பத்திரம், படிக்கிறவர் கண்ணாடிதான் தப்பு.

அத்தைக்கு எக்செலில் திறந்து பார்க்கவும் வேண்டும். வெறும் யூடிஎஃப்-8இல் எழுதிய சிஎஸ்வியை எக்செலில் நேராகச் சொடுக்கித் திறந்தபோது அதே கோடு போட்ட ஏ-க்கள் வந்து நின்றன. 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்ததும் சரியானது. அது கோப்பின் முகப்பில் 239, 187, 191 என்று மூன்று பைட் பொட்டு வைத்துவிடும். எக்செல் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். ஆனால் எழுதும்போது 'சிக்' போட்டுவிட்டுப் படிக்கும்போது போடாமல் விட்டேன். தலைப்பு வரியில் 'பெயர்' என்ற பத்தியே இல்லை என்று நிரல் சாதித்தது. திரையில் பார்த்தால் 'பெயர்' பளிச்சென்று இருக்கிறது! கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொட்டு 'பெயர்' என்பதன் முன்னால் ஒட்டிக்கொண்டு வேறு சொல்லாக்கிவிட்டது. முக்கால் மணி நேரம் போயிற்று. படிப்பதற்கும் அதே 'சிக்' கொடுங்கள், பொட்டை அதுவே கழற்றிவிடும். சிஎஸ்வி மாட்யூலில் எழுதும்போது நியூலைன் என்பதற்கு வெற்றுச் சரம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸில் ஒரு வரி விட்டு ஒரு வரி காலியாக வரும். இது எல்லாரும் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொள்வதுதான்.

அடுத்து, கோப்பையே வெட்டாமல் வேலை நடத்த முடியுமா என்று யோசித்தேன். 'ஆர் பிளஸ்' மோடு இருக்கிறதே: படிக்கலாம், எழுதலாம், திறக்கும்போது வெட்டாது. அந்த ஆளின் வரி எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்து, 'சீக்' போட்டு அங்கே போய், எண்ணை மட்டும் மாற்றினால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருந்தது. செய்து பார்த்தேன். சயான் அண்ணனின் பாக்கி 1020. அவர் 940 கொடுக்கிறார், மீதி 80. அந்த இடத்துக்குப் போய் 80 என்று எழுதினேன். கோப்பைத் திறந்தால் 8020. முதல் இரண்டு எழுத்தின் மேல்தான் எழுதியது. '20' அப்படியே உட்கார்ந்திருந்தது. பணத்தைக் கட்டிய மனிதருக்கு ஒரே நொடியில் ஏழாயிரம் ரூபாய் கடன் ஏற்றினேன். இன்னொருவருக்கு 980ஐ 1020 ஆக்கியபோது நாலாவது எழுத்து வரி முடிவுக் குறியின் மேல் ஏறி, அடுத்தவர் பெயர் வந்து இவர் தொகையோடு ஒட்டிக்கொண்டது. கோப்பு என்பது வரிசையாக அடுக்கிய பைட்டுகள். நடுவில் இடம் விடவோ சுருக்கவோ அதற்குத் தெரியாது. ஒவ்வொரு வரியும் ஒரே நீளம் என்றால்தான் இந்த வித்தை பலிக்கும். விட்டுவிட்டேன்.

மாமாவின் நோட்டு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவரிடம் இரண்டு நோட்டு இருக்கும். ஒன்று நாள்வழி: இன்று யார் எத்தனை கிலோ வாங்கினார், யார் எவ்வளவு கொடுத்தார், நடந்த வரிசையில். இன்னொன்று பேரேடு: ஆளுக்கு ஒரு பக்கம். பேரேடு தொலைந்தால் நாள்வழியை வைத்து மறுபடி எழுதிவிடலாம். நாள்வழி தொலைந்தால் கதை முடிந்தது. நாள்வழியில் அவர் ஒருபோதும் அடித்துத் திருத்த மாட்டார். தப்பாக எழுதிவிட்டால் அடுத்த வரியில் எதிர் வரி போடுவார். சின்ன வயதில் அதை நான் ரப்பரால் அழிக்கப் போய் வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நான் ஏழு மாதமாகப் பேரேடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் ஒவ்வொரு வாளிக்கும் ஒருமுறை முழுக்க அழித்து எழுதிக்கொண்டிருந்தேன்.

'ஏ' மோடு இருப்பதே நாள்வழிக்காகத்தான். திறக்கும்போது பழையதைத் தொடாது. எங்கே சீக் பண்ணினாலும் எழுத்து கடைசியில்தான் போய் விழும். ஆகவே புது ஏற்பாடு: நாள்வழி.சிஎஸ்வி. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரு வரி. தேதி, நேரம், பெயர், கிலோ, மாவுத் தொகை, கொடுத்த பணம். பாக்கி என்று ஒரு பத்தியே கிடையாது. வேண்டும்போது முழுக் கோப்பையும் படித்துக் கூட்டிக்கொள்ளலாம். 44 பேருக்கு ஒரு வருஷத்துக் கணக்கைக் கூட்ட அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குக் கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது.

'ஏ' மோடிலும் வம்பு இல்லாமல் இல்லை. முதல் வம்பு: கோப்பு இல்லையென்றால் சத்தமில்லாமல் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். அத்தைக்கு ஐடில் வேண்டாமே என்று டெஸ்க்டாப்பில் ஒரு குறுக்குவழி செய்துவைத்தேன். அதில் தொடங்கும் ஃபோல்டரை நான் சரியாக வைக்கவில்லை. மறுநாள் கணக்கு முழுவதும் இன்னொரு ஃபோல்டரில் தனியாகப் பிறந்த வேறொரு நாள்வழியில் போய் உட்கார்ந்திருந்தது. யாருக்கும் பழைய பாக்கியே இல்லை! வாளிக்காரர்களுக்குச் சந்தோஷமான நாள். இப்போது பாத்லிப் வைத்து, நிரல் இருக்கிற ஃபோல்டரைக் கண்டுபிடித்து, அதோடு கோப்பின் பெயரைச் சேர்த்து முழுப் பாதையாகத்தான் திறக்கிறேன். இன்னொரு வம்பு: நோட்பேடில் யாராவது கோப்பைத் திறந்து கடைசி வரிக்குப் பின் எண்டர் இல்லாமல் சேமித்துவிட்டால், அடுத்த பதிவு அந்த வரியின் வாலிலேயே ஒட்டும். அதனால் நோட்பேடுக்குத் தடை போட்டுவிட்டேன்.

மூன்றாவது கொஞ்சம் பெரிய விஷயம். மழைக்காலம் வேறு. கிரைண்டர்கள் சேர்ந்து ஓடத் தொடங்கினால் சில நாள் எம்சிபி (சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) விழுந்துவிடும். கம்ப்யூட்டரும் அதே லைன். முதலில் நான் எழுதிய வடிவத்தில், நிரல் தொடங்கும்போது நாள்வழியைத் திறந்துவைத்துக்கொண்டு, கடை முடியும்போது மூடும். எவ்வளவு திறமை என்று எனக்கே பெருமை. பிறகு சந்தேகம் வந்து சோதித்தேன். இருபது வரி எழுத வைத்து, மூடுவதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் போய்ப் பைத்தானின் கழுத்தைத் திருகினேன். கோப்பில் ஒரு வரி இல்லை. பைத்தான் எழுதச் சொன்னதும் எழுதாது. ஒரு இடையகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, அது நிரம்பினால்தான் கீழே தள்ளும். 3.11இல் அது 8192 பைட். எங்கள் கடையின் ஒரு ராத்திரிக் கணக்கு முழுக்க அதற்குள் அடங்கிவிடும்! அதாவது மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை வட்டில் ஒன்றுமே இருக்காது, எல்லாம் நினைவகத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

'ஃப்ளஷ்' போட்டால் இடையகம் காலியாகி இயங்குதளத்தின் கைக்குப் போகும். அப்புறம் பைத்தானைக் கொன்றாலும் வரிகள் பிழைத்தன. ஆனால் மின்சாரமே போனால்? இயங்குதளமும் தன் பங்குக்குச் சேர்த்துவைத்துத்தான் எழுதும். அதற்கு ஓஎஸ் மாட்யூலில் இருக்கிற 'எஃப்-சிங்க்'. வட்டில் போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பிவரும். ஒரு பதிவுக்குக் கொஞ்சம் தாமதம் ஆகும்தான். ஒரு வாளி மாவு அளக்கிற நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அத்தை கடைக்குப் பின்னால் அரிசி களைந்துகொண்டிருந்தபோது பிளக்கை மூன்று தடவை பிடுங்கிப் பார்த்தேன். மூன்று தடவையும் கடைசி வரி இருந்தது. மூன்றாவது தடவை அத்தை பார்த்துவிட்டார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆகவே இப்போது ஒவ்வொரு பதிவுக்கும்: 'வித்' போட்டு 'ஏ' மோடில் திற, ஒரு வரி எழுது, ஃப்ளஷ், எஃப்-சிங்க், வெளியே வா. 'வித்' விட்டு வெளியே வந்தால் கோப்பு தானாக மூடிக்கொள்ளும், நடுவில் பிழை வந்தாலும்கூட. தமிழ் எழுத்து ஏதாவது மறுபடி தகராறு செய்தால்கூடப் போவது அந்த ஒரு வரிதான்.

பேரேடும் உண்டு; அத்தைக்கு எக்செலில் பார்க்க வேண்டுமே. அது மட்டும் முழுசாக அழித்து எழுதப்படுகிற கோப்பு, ஆனால் நேராக இல்லை. அதே ஃபோல்டரில் பேரேடு-புது.சிஎஸ்வி என்று ஒன்றை 'டபிள்யூ'வில் திறந்து முழுக்க எழுதி, எஃப்-சிங்க் பண்ணி மூடிவிட்டு, கடைசியில் ஓஎஸ் மாட்யூலின் 'ரீப்ளேஸ்' கட்டளையால் பழையதின் இடத்தில் வைப்பேன். எழுதும்போது எது நடந்தாலும் பழைய பேரேடு முழுசாக இருக்கும். 'ரீநேம்' வேண்டாம்: உபுண்டுவில் பழையதன் மேல் ஏறிக்கொள்ளும், விண்டோஸில் அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது என்று முரண்டு பிடிக்கும். தற்காலிகக் கோப்பை வேறு டிரைவில் வைத்துவிட்டு ரீப்ளேஸ் பண்ணவும் முடியாது. அதனால்தான் அதே ஃபோல்டர். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த பிறகும் முதல் நாளே பர்மிஷன் எரர். அத்தை பேரேட்டை எக்செலில் திறந்துவைத்துவிட்டுச் சட்னி அரைக்கப் போயிருந்தார். எக்செல் பிடித்துக்கொண்டிருக்கிற கோப்பை விண்டோஸ் நகர்த்த விடாது. இப்போது அந்தப் பிழையைப் பிடித்து, 'எக்செலை மூடிட்டு எண்டர் அமுக்குங்க அத்தே' என்று திரையில் வருகிற மாதிரி செய்திருக்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பிழைச் செய்தி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

'எக்ஸ்' மோடுக்கும் ஒரு வேலை கிடைத்தது. பைத்தான் 3.3இல் சேர்ந்த மோடு இது. சி மொழியிலும் 2011 தரத்தில் வந்தது. கோப்பு இல்லையென்றால் உருவாக்கும். இருந்தால் தொடவே தொடாது, பிழையைத் தூக்கி எறியும். ராத்திரி பத்து மணிக்கு நாள்வழியின் நகல் ஒன்றைத் தேதியைப் பெயராக வைத்துப் பென்டிரைவில் எழுதுகிறேன், 'எக்ஸ்' மோடில். அத்தை ஐகானை இரண்டு தடவை சொடுக்கினால் இரண்டாவது முறை 'இன்னைக்கு நகல் எடுத்தாச்சு' என்று வரும். முன்னால் கோப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் 'டபிள்யூ'வில் திறக்கிற வழியும் உண்டு. கேட்பதற்கும் திறப்பதற்கும் நடுவில் இன்னொரு நிரல் புகுந்துவிடலாம். 'எக்ஸ்' அந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறது.

போன வியாழக்கிழமை கோலிவாடா அக்கா சண்டைக்கு வந்தார். பாக்கி 500 ரூபாய் அதிகமாக நிற்கிறதாம். பழைய ஏற்பாட்டில் என்றால் கோப்பில் ஒரு எண் மட்டும்தான் இருந்திருக்கும். அது எப்படி வந்தது என்று சொல்ல ஒரு வழியும் இருந்திருக்காது. நாள்வழியில் அவர் பெயரைத் தேடினோம். செவ்வாய்க்கிழமை 4:12க்கு மாவுத் தொகை 500. 4:13க்கு அதே கிலோ, அதே 500. அத்தை இரண்டு தடவை தட்டியிருக்கிறார்.

"அந்த ரெண்டாவது வரிய அழிச்சுருல," என்றார் அத்தை.

அழிக்க முடியாது, எதிர் வரிதான் போட வேண்டும் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் பெயரைத் தமிழில் நிதானமாக அடித்தார். கிலோவுக்கு வந்ததும் விரல் நின்றது.

"கழித்தல் குறி இதுல எங்கல இருக்கு?"